மேட்னிக்கு வந்த பேய்

படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மீன் வாடை வந்தது.

தோழிகள் ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டார்கள்.

"ஏட்டி, வந்துட்டு!" என்றாள் செல்வராணி.

கடலோரத் தியேட்டர் அது. ஒரு காலத்தில் நாடகக் கொட்டகை. ராத்திரி நாடகத்துக்கு டிக்கெட் வாங்கி மடியில் முடிந்துகொண்டு, விடியலில் கடலுக்குப் போன ஒருவன் திரும்பவில்லையாம். விட்ட நாடகத்தைப் பார்க்க இன்னமும் வருகிறானாம். கொட்டகை தியேட்டர் ஆன சங்கதி அவனுக்கு யாரும் சொல்லவில்லை போல. மீன் வாடை வந்தால், பின்வரிசையில் அவன் உட்கார்ந்துவிட்டான் என்று அர்த்தம். பேயை நம்பாதவர்கள்கூட அந்த வரிசைப் பக்கம் போவதில்லை.

தோழிகளுக்கு நடுவே இருந்த அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரண்டு சின்னச் செருமல், ஒரு பெரிய செருமல்.

அப்பா.

இன்றைக்குக் கடலில் இருப்பார் என்று நம்பித்தான் இவர்களோடு கிளம்பி வந்தாள். மீன் ஏலம் முடிந்து, கைகால் கழுவிவிட்டு, நேரே வந்திருக்கிறார். தன் வாடை யாருக்கும் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று, ஆளில்லாத அந்த வரிசையில்தான் எப்போதும் உட்காருவார்.

ஹாஸ்டலில் அவள் சொல்லிவைத்திருந்தபடி, அவளுடைய அப்பா கப்பல் என்ஜினியர். செத்தும் மூன்று வருடம் ஆகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, இத்தனை நாள் நிம்மதியாகச் சாப்பிட்டும் வந்தாள்.

செல்வராணி அவள் தோளை இடித்தாள். "நீ கடக்கரைக்காரிதான? சொல்லுட்டி, பேய் நெசமா?"

பேச்சை மாற்றியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

"நெசந்தான்," என்றாள். "செத்தவன்தான் வந்து உக்காந்திருக்கான்."

சத்தமாகவே சொன்னாள். அவ்வளவு சத்தம் தேவையே இல்லை.

செருமல் பாதியில் நின்றது.

அதன் பிறகு படத்தில் யார் யாரை அடித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. காது மடல் எரிந்தது. அவரை நினைத்து இத்தனை நாள் பட்ட வெட்கமெல்லாம் இப்போது அவள்மேலேயே திரும்பியிருந்தது.

இடைவேளைக்குச் சற்று முன்பு, பின்னால் நாற்காலி ஸ்பிரிங் முனகியது.

விளக்கு எரிந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்வரிசையில் யாரும் இல்லை.

வாடை மட்டும் இருந்தது.

செல்வராணி கீச்சென்று கத்தினாள். எல்லோரும் வரிசையைத் தாண்டி ஓடினார்கள். கிழிந்த ரெக்ஸின் நாற்காலி ஒன்றின் அடியில் ஈர மணல் கிடந்தது. யாருக்கும் தொடத் தைரியமில்லை. அவளைத்தான் முன்னால் தள்ளினார்கள்.

"பேய் உக்காந்த எடம் ஐஸ் மாதிரி இருக்குமாம். தொட்டுப் பாருட்டி."

தொட்டாள்.

வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்க மனம் வரவில்லை.

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"சில்லுனு இருக்கு," என்றாள்.