வெள்ளி நரியும் காக்கைச் சூனியக்காரியும்

“முதல்ல அந்த வாலை எடு. வீட்டுக்குள்ள மனுஷன் நடக்க முடியலை.”

அப்பா செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொன்னார். மகள் சோபாவிலிருந்து வாலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். அவள் உயரத்துக்கு நீண்ட, வெள்ளி நிற நரி வால்.

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகில் பல் செதுக்கிப் பழகிய கை. யோகா பாயை வெட்டி, சூடு காட்டி வளைத்து, தோள் கவசம், மார்புக் கவசம், கூர்மையான இரண்டு காதுகள் என்று எல்லாவற்றையும் அவளே செய்திருந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் பார்க்கும், அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் ஒன்றின் வீராங்கனை வெள்ளி நரி. இன்றும் நாளையும் கண்காட்சி அரங்கில் அனிமே ரசிகர்கள் கூடுகிறார்கள். வேஷப் போட்டியில் அவள் மேடை ஏற வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டாரும் இன்றுதான் வருகிறார்கள்.

“அவங்க வர்ற அன்னிக்கே நீ நரி வேஷம் கட்டணுமா?”

“என்னைக் கேட்டுட்டு நாள் சொல்லுங்கன்னு சொன்னேன். நீங்க கேட்கலை. மாப்பிள்ளையோட அம்மாவே முட்டிவலின்னு வரலையாம். அவங்களுக்கு முட்டிவலி வரலாம், எனக்கு வேலை வரக்கூடாதா?”

உண்மையில் சண்டை தேதியைப் பற்றியது அல்ல. முந்தின நாள் மாப்பிள்ளை அவளுடன் போனில் பேசியிருந்தான். மரியாதையாகத்தான் பேசினான். வேலை எப்படி, அலுவலகம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் விசாரித்தான். கடைசியில், கல்யாணத்துக்குப் பிறகு இந்த வேஷமெல்லாம் கூடாது என்றான். ஏன் என்று கேட்டதற்கு, எங்கள் வீட்டில் ஏற்கனவே பட்டது போதும் என்றான். என்ன பட்டீர்கள் என்று அவள் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டான்.

அவனுக்கு முன்னால் பேசி முடித்த பெண் யாரோ ஏமாற்றியிருப்பாள், பாவம் பையன் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

“ஒரே ஒரு நிபந்தனைதானே கேட்கறான். குடிக்கறானா, சிகரெட் பிடிக்கறானா? ஒரு கெட்ட பழக்கம் உண்டா அவனுக்கு?”

“அவருக்குக் கெட்ட பழக்கம் இல்லை. எனக்கு நரி இருக்கு. எப்படிப்பா பொருந்தும்?”

துணி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா சட்டென்று குனிந்துகொண்டாள். சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது.

அப்பா எழுந்தார். “இப்ப நீ வாசலைத் தாண்டினா, இனி உன் கல்யாணத்துக்காக நான் எவன் வீட்டுப் படியும் ஏற மாட்டேன்.”

மகள் நிதானமாகக் காதுகளைத் தலையில் மாட்டினாள். “நல்லதுப்பா. உங்க முட்டியாவது பிழைக்கும்.”

அம்மா போய்க் கதவை அகலத் திறந்து பிடித்தாள். வால் கதவிடுக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாதே.

அரங்கில் கால் வைக்க இடமில்லை. மேடைக்கான வரிசையில் நிற்கும்போது யாரோ வாலை மிதித்துவிட, முதுகுப் பட்டை பிய்ந்து கவசம் ஒருபக்கமாகத் தொங்கியது. அவள் கை முதுகுக்கு எட்டவில்லை. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. வெள்ளிச் சாயம் பூசிய முகத்தில் கண் கலங்கிவிட்டது.

“திரும்பு.”

பின்னால் காக்கைச் சூனியக்காரி நின்றிருந்தாள். அதே தொடரின் வில்லி. உடம்பெல்லாம் கறுப்பு இறகு, முகத்தை முழுக்க மூடிய நீண்ட அலகு. அவள் தரையில் மண்டியிட்டு, அங்கியின் மடிப்பிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தாள்.

“கதைப்படி நாம பரம எதிரிங்க” என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“கதை எழுதினவன் வந்து தைச்சுக் குடுப்பானா? ஆடாம நில்லு.”

அம்மா வயதிருக்கும் என்று குரல் சொன்னது. முகம் தெரிய வழியில்லை. குழந்தைகள் ஏமாந்துபோவார்கள் என்பதால், முழு முகமூடி போட்டவர்கள் அரங்குக்குள் அதைக் கழற்றுவதில்லை. தான் வருஷா வருஷம் தனியாகத்தான் வருவதாக அந்த அலகு சொன்னது. மறுநாள் நடக்கும் ஜோடிப் போட்டியில் மட்டும் ஒருமுறைகூடக் கலந்துகொண்டதில்லையாம். யார் கூட வருவார்கள்?

போன் அடித்தது. மாப்பிள்ளை வந்துவிட்டானாம், அரை மணி நேரம் வந்து தலைகாட்டிவிட்டுப் போகச் சொன்னார் அப்பா. குரலில் பழைய வேகம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“அவரை நிபந்தனையை எடுக்கச் சொல்லுங்கப்பா. அதுவரைக்கும் நான் காதை எடுக்கறதா இல்லை.”

அவள் போனை அணைத்தாள்.

“என்ன நிபந்தனை?” என்றது அலகு.

மகள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். “காரணம் கேட்டா, எங்க வீட்டுல ஏற்கனவே பட்டது போதும்கறார். யாரோ செஞ்சதுக்கு நான் ஏன் நரியை விடணும்?”

முதுகில் ஊசி நின்றது.

“பையன் ஆடிட்டரா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சூனியக்காரி தையலை முடித்து, நூலை வெட்டி, இழுத்துப் பார்த்தாள். பிறகு மண்டியிட்ட இடத்திலிருந்து ஒரே மூச்சில் எழுந்து, சுற்றிலும் குழந்தைகள் இல்லை என்று பார்த்துக்கொண்டு அலகை நெற்றிக்கு மேல் தூக்கினாள். வியர்த்து வழிந்த அந்த முகத்தை மகள் ஏற்கனவே பார்த்திருந்தாள், மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த போட்டோவில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில்.

“அவன் பட்டதெல்லாம் என்னாலதான் கண்ணு” என்றார் அந்த அம்மாள். “என் பையனைத் தாராளமா வேண்டாம்னு சொல்லு, நாளைக்கு ஜோடிப் போட்டிக்கு மட்டும் என்னை வேண்டாம்னு சொல்லிடாத.”