பல் போன ஞாயிறு

கடைவாய்ப்பல்லின் விலை முந்நூறு ரூபாய். பறிகொடுப்பவனே பணத்தையும் கொடுத்துவிட்டு வரும் வியாபாரம் அது. நேற்றுப் பாதியில் முறிந்த பல்லின் வேரை ஒரு மணி நேரம் தோண்டியெடுத்த வாயோடு, காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் சட்டைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான் லூர்துநாதன். நீலத் தார்ப்பாய் வழியே இறங்கும் வெயிலில் வீங்கிய கன்னமும் நீலமாய்த் தெரிகிறது. “வாயத் தொறந்த, மறுபடி ரத்தம்தான்” என்று புதுப் பஞ்சைக் கடிக்கவைத்துவிட்டு, மனைவி லினெட் டீ வாங்கப் போயிருக்கிறாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சொல் போனால் சட்டை போகுமா? ஒருவர் கோடுபோட்ட சட்டையை உதறிப் பார்க்கிறார். லூர்துநாதன் இரண்டு விரலைக் காட்டுகிறான். “எரநூறா? நூறு ரூபாய்க்குக் குடுப்பா.” நூற்றுப்பத்து என்றாலே கொடுத்துவிடுவான், சொல்ல வாயெடுத்தால் தாடை சுண்டி இழுக்கிறது. கண்ணை மூடிக்கொள்கிறான். “சரி, நூத்தியிருவது.” கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுகிறான். “இன்னாப்பா இவ்ளோ அழுத்தமா இருக்கிற? நூத்தம்பது, அதுக்கு மேல ஒரு பைசா கெடையாது!” தலையாட்டுகிறான். பேரத்தைக் கேட்டபடியே டீயோடு வந்த லினெட் நோட்டுகளைப் பார்த்துச் சிரிக்கிறாள். “இத்தினி வருசமா பேசிப் பேசியே நட்டப்பட்டிருக்கோம்யா!” கூடச் சிரிக்கப்போய், பஞ்சை இறுக்கிக் கடிக்கிறான். பல்லுக்குப் போன முந்நூற்றில் நாற்பது திரும்பியாயிற்று. வலி மட்டும் முழுசாகப் பாக்கி நிற்கிறது.