எதிரி வராத கோட்டை

ஜப்பானில் ஒரு மலைமேல் இருக்கும் அந்தக் கோட்டையை யாருமே தாக்கியதில்லை. கட்டி நானூறு வருடமாகிறது, ஓர் எதிரிகூட வரவில்லை. மரவாசல்கள் மக்கிப்போய், மண்மேடுகளும் பள்ளங்களும்தான் மிச்சம். அடிவாரத்துத் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹனாயே ஞாயிறுதோறும் வந்து அங்கே புதர் வெட்டுவாள். எதிரி வந்திருந்தால் இந்தக் கோட்டை தாங்கியிருக்குமா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பார்க்க வருகிறவர்களிடம், "கொஞ்சம் தாக்குகிறீர்களா?" என்று கூச்சத்தோடு கேட்பாள். அவர்கள் சிரித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அன்று வந்தவர்கள் அவ்வூர் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் இசக்கியும் மெர்சியும்.

"ஏட்டி, நெசமாத்தான் கேக்காவளா?" என்றாள் மெர்சி.

"மொகத்தப் பாரு, நெசந்தான். துப்பட்டாவ இடுப்புல கெட்டு."

ஹனாயே முன்னால் ஓடி மறைந்தாள். இருவரும் கூச்சலிட்டுக்கொண்டு ஏறினார்கள். பள்ளத்தின் குறுக்கே ஓர் ஆள் மட்டும் போகும் அகலத்தில் மண்பாலம். முண்டியடித்ததில் மெர்சி சறுக்கிப் பள்ளத்துக்குள் விழுந்தாள். ஏற ஏற மண் வழுக்கியது. இசக்கி தனியாக ஓடினாள். பாதை இடப்பக்கம் திரும்பியது, உடனே வலப்பக்கம், பிறகு பெட்டிக்குள் மாட்டியதுபோல் மூன்று பக்கமும் உயர்ந்த மண்சுவர். நிமிர்ந்து பார்த்தாள். மேலே ஹனாயே, மடி நிறைய பைன் மரக் காய்களோடு. அவள் கண்கள் நிறைந்திருந்தன. முதலில் இடுப்பை வளைத்து மரியாதையாக வணங்கினாள். பிறகு எறிந்தாள், எறிந்துகொண்டே இருந்தாள்.

"ஏட்டி இசக்கி, கோட்டையப் புடிச்சிட்டியா?" பள்ளத்திலிருந்து மெர்சி கத்தினாள்.

செத்தவள் பேசக் கூடாது என்பதால் இசக்கி கண்ணை மூடிக்கொண்டு, சிரிப்பில் வயிறு குலுங்கக் கிடந்தாள்.