மீதி உங்களுக்கு

தம்பி யோகராஜின் டிராவல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் ஜெயராணி நேரே கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள்.

போர்ட்பிளேரின் பத்துபஸ்தியில், விமானம் இறங்கும் சத்தம் கேட்கிற தூரத்தில் கடை. டிக்கெட் போடுவதற்காகக் காசைக் கொட்டி அழுது நல்ல நெட் வாங்கி வைத்திருந்தான். மாயாபந்தரிலிருந்து நாள் முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்த அக்காவோ, தண்ணீர்கூடக் குடிக்காமல் முதலில் மெயிலைத் திற என்றாள்.

"அரே அக்கா, ஆராம்ஸே, நிதானமா உக்காரு. இங்க நெட் மெயின்லேண்ட் மாதிரி ஓடும்."

பதில் வந்திருக்க வேண்டும்; மாயாபந்தரின் மந்தமான நெட்டில்தான் எங்கோ சிக்கியிருக்கும். வரவில்லை என்றால் கலர் டப்பாவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். இந்த முறை நிஜமாகவே.

கச்சால் தீவில் சுனாமி அலை வந்து வீட்டை வாரிக்கொண்டு போனபோதுகூட வரைவதை விடாதவள் அவள். நிவாரண முகாமின் தகரச் சுவரில் அடுப்புக்கரியால் ரப்பர் மரமும் கோழியும் வரைந்தாள். கோழியைப் பார்த்து வீட்டு நினைவு வந்து அழுத பெண்களிடம் திட்டும் வாங்கினாள்.

அப்பேர்ப்பட்டவளைப் பேஸ்புக் கவிழ்த்துவிட்டது.

போர்ட்பிளேரில் இருந்த நாட்களில் தன் படங்களை அதில் போட்டாள். தம்பியும் தம்பி மனைவியும் லைக் போட்டார்கள். ஊரில் உள்ள மற்றவர்களின் படங்கள் கண் முன்னால் ஓடிக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றும் அவளுடையதைவிட நன்றாக இருந்தது, அல்லது அப்படித் தோன்றியது. பென்சிலை எடுத்தால் கை அவர்களைப் போலவே வரையப் பார்த்தது. பிறகு பென்சிலை எடுப்பதே நின்றுபோயிற்று.

கணவருக்கு மாயாபந்தர் ஜெட்டி எனும் படகுத்துறைக்கு மாற்றல் வந்தது புண்ணியமாகப் போயிற்று. அங்கே பேஸ்புக் திறக்கவே திறக்காது. வட்டம் சுற்றும், சுற்றும், போன் சூடாகும், அவ்வளவுதான்.

ஆனால் நீலாவதியின் மடல் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடும்.

கும்பகோணத்துக்காரர் என்பதைத் தவிர நீலாவதியைப் பற்றி ஜெயராணிக்கு எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும், கேட்டவர்களுக்கெல்லாம் மெயிலில் நாலு பத்தி எழுதி அனுப்புகிறவர். அந்த வாரம் தெருவில் கண்ட ஏதாவது ஒரு சின்ன விஷயம் இருக்கும். முடிவில் எப்போதும் ஒரே வரி: 'மீதியை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.' அதன் கீழே மெல்லிய கோட்டில் ஒரு காலிக் கட்டம். கட்டத்தின் அடியில் ஒரு தலைப்பு.

ஜெயராணி அதை வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டாள்.

தேதி கடந்த கப்பல் அட்டவணைகளைக் கணவர் கொண்டுவந்து தருவார். அவற்றின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, தலைப்பை எழுதி, உள்ளே வரைந்தாள். 'யாரும் உட்காராத பெஞ்சு' என்று வந்தால் ஜெட்டியின் உடைந்த பெஞ்சு, அதன் அடியில் தூங்கும் நாய். 'கடைசி வண்டியை விட்டவர்' என்று வந்தால், கையில் பலாப்பழத்தோடு ஜெட்டி விளிம்பில் நிற்கும் ஆள், நகர்ந்துவிட்ட படகு, நடுவே கொஞ்சமே கொஞ்சம் தண்ணீர்.

பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க யாருடைய படமும் இல்லை. கட்டம் காலியாக இருந்தது, அவள் நிரப்பினாள். பல வருடங்களுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

அத்தனையையும் ஒரு கவரில் போட்டு, மடலின் அடியில் இருந்த விலாசத்துக்கு மழைக்காலம் தொடங்கும் முன்பே அனுப்பினாள். 'நீங்கள் விட்ட கட்டங்களை நிரப்பியிருக்கிறேன்' என்று ஒரு வரியும், அடியில் தன் மாயாபந்தர் விலாசமும் மெயில் முகவரியும் எழுதி வைத்தாள். கப்பல் போய்ச் சேர்ந்து எவ்வளவோ நாளாயிற்று.

இன்பாக்ஸ் பளிச்சென்று திறந்தது. பதில் என்று எதுவும் இல்லை.

மனதைத் தேற்றிக்கொள்ளப் பழைய மடல் ஒன்றைத் திறந்தாள்.

கட்டத்துக்குள் ஒரு பெஞ்சு இருந்தது.

ஏதோ ஒரு குளக்கரை, சிமெண்டு பெஞ்சு, அதன் மேல் ஒரு காகம். போட்டோ. அடுத்த மடலில், பஸ்ஸின் பின்னால் ஓடும் வேட்டிக்காரர். அதற்கடுத்ததிலும் போட்டோ. திறந்த மடலில் எல்லாம் போட்டோ.

கட்டம் ஒருநாளும் காலியாக இருந்ததே இல்லை. மாயாபந்தர் நெட்டில் படம் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஜெயராணிக்குக் காது சுட்டது. கவரைப் பிரித்து அந்த அம்மாள் என்ன நினைத்திருப்பார்? கூப்பிடாத வீட்டுக்குள் புகுந்து சுவரில் கிறுக்கிவிட்டு வந்தது போல இருந்தது. பதில் வராததில் என்ன ஆச்சரியம்?

எழப் போனவளின் கண்ணில் இந்த வாரத்து மடல் பட்டது. இன்னும் திறக்கவில்லை. இதையும் பார்த்துவிட்டு ஒரேயடியாக முடித்துக்கொள்ளலாம் என்று திறந்தாள். நாலு பத்தியையும் படிக்க மனம் இல்லாமல் நேரே கீழே போனாள்.

'மீதியை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.'

கட்டம் காலி.

இங்கேயும் நெட் போய்விட்டது என்று தம்பியைக் கூப்பிட்டாள். அவன் குனிந்து, பக்கத்தை மூடி மறுபடி திறந்து, வேறு நாலைந்து பக்கங்களையும் திறந்து பார்த்தான். எல்லாம் படங்களோடு வந்தன.

"நெட் பக்கா இருக்குக்கா. அவங்க படமே வெக்கல."

ஜெயராணி அப்போதுதான் கட்டத்தின் அடியில் இருந்த தலைப்பைப் படித்தாள்.

'மாயாபந்தர் ஜெட்டி, இந்த வாரம்.'

மேசையில் கிடந்த நேற்றைய விமான அட்டவணையைத் திருப்பிப் போட்டு, தம்பியிடம் பேனா கேட்டாள்.