நேரலையில் ஒரு நல்ல மனுஷன்

"முகம் வேண்டாம் லொரேன். கையை மட்டும் காட்டுங்க," என்றாள் ரோண்டா.

"கை மட்டும்தான்ம்மா தெரியும். நீ பாட்டுக்கு மாவைப் பிசை," என்ற லொரேன், கைப்பேசியில் நன்கொடை கேட்கும் நேரலையைத் தொடங்கினாள்.

மினசோட்டாவின் ஏரிக்கரை ஊர் ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாத அந்த வீட்டை லொரேன்தான் நடத்திவந்தாள். ஆறு பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் தங்கியிருந்தார்கள். அரசு உதவி நின்றுவிட்டது. இன்று வாடகைக்குப் பணம் சேராவிட்டால் நாளை எல்லோரும் பனியில் நிற்க வேண்டியதுதான். ரோண்டாவுக்கு இரண்டு குழந்தைகள், வேறு போக்கிடம் இல்லை. ராத்திரியெல்லாம் அழுதிருந்தாள்.

"எத்தனை பேர் பாக்கறாங்க?" என்றாள் ரோண்டா மெல்ல.

"பதினோரு பேர். அதுல நாலு பேர் என் சொந்தக்காரங்க. சல்லிக்காசு தேறாது," என்று லொரேன் கிசுகிசுத்தாள்.

ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. இனி அவ்வளவுதான் என்று லொரேன் சோர்ந்தபோது ஐந்நூறு டாலர் வந்து விழுந்தது. கொடுத்தவர் பெயர் போடவில்லை. 'அங்கேயும் பனி கொட்டுகிறதா?' என்று மட்டும் கேட்டிருந்தார்.

கொடுப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள், கேட்டதைக் காட்டுங்கள் என்று இணைய வகுப்பில் லொரேனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கைப்பேசியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பனி கொட்டும் தெருவும் எதிரே தேவாலயக் கோபுரமும் தெரிந்தன.

இன்னொரு ஐந்நூறு. 'உங்கள் வாசலையும் பார்க்கலாமா?'

ரோண்டாவின் கை நின்றது. "வாசல் வேண்டாமே."

"ஒரே நிமிஷம்மா. நம்பர் தெரியாமப் பாத்துக்கறேன்."

சொன்னபடியே வீட்டு எண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சிவப்புக் கதவைக் காட்டினாள். ஆயிரம் வந்தது.

ரொட்டி வெந்து, பிள்ளைகள் தின்று முடித்து வெகுநேரம் கழித்து, மீதியையும் அந்த மனிதரே போட்டுவிட்டார். வாடகை சேர்ந்துவிட்டது. ரோண்டா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்படியும் ஒரு நல்ல மனுஷன் இருக்காரே. நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க."

லொரேன் சொன்னாள். உடனே பதில் வந்தது. 'நன்றியெல்லாம் எதுக்கு? ரோண்டாவைக் கதவைத் திறக்கச் சொல்லுங்க. வெளியே குளிருது.'

நேரலையில் யாருமே அவள் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. புருஷன் கண்ணில் படாமல் அவள் எட்டு மாதமாக ஒளிந்திருந்த அந்த வீட்டின் வாசலில், பூட்ஸிலிருந்து பனியைத் தட்டும் சத்தம் கேட்டது.