கேட்காமல் புழங்கிய புல்வெளி

2016 மார்ச் 12, சனிக்கிழமை. இங்கிலாந்தின் நார்த்தாம்டன்ஷயரில் த்ராக்ஸ்பி கிராமத்தின் பழைய காகிதங்களையும் படங்களையும் சேர்த்து வைத்திருக்கும் வரலாற்று அறை காலை பத்து மணிக்குத் திறக்கப்பட்டது.

"அந்தக் கடிதத்தை எங்க வெச்ச?" என்றார் டெஸ்மண்ட், உள்ளே நுழைந்ததும்.

"என் பையில." அந்த அறையை அவரோடு சேர்ந்து பார்த்துக்கொள்ளும் மூதாட்டி ஏவ்ரில், கம்பளிச் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

"கிழிச்சுப் போட்டுத் தொலையேன்."

"முப்பது வருஷமா இந்த ஊர்க் காகிதம் ஒண்ணைக்கூட நான் தூக்கிப் போட்டதில்ல. எனக்கு மனசு வராது."

"செவ்வாய்க்கிழமை விசாரணை. அதுவரைக்கும் வாயையாவது கட்டி வை. உனக்குத்தான் ஊர்ப் பெருமை பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாதே."

த்ராக்ஸ்பியில் ஆறாயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் யாராவது நகரம் என்று சொல்லிவிட்டால் ஊருக்கே கோபம் வரும். கிராமம் என்று சொல்லிக்கொள்ள அவர்களிடம் மிஞ்சியிருந்தது தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளி ஒன்றுதான். அதன் சொந்தக்காரர் கிழவர் ஸ்டாக்டேல் போன வருடம் இறந்துபோனார். இப்போது அதை விலை பேசும் வீடு கட்டும் கம்பெனி ஒன்று அங்கே அளவுக்குச்சிகளை நட்டிருந்தது.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. இருபது வருடம் யாருடைய அனுமதியும் இல்லாமல், யாரும் தடுக்காமல் ஊர் மக்கள் ஒரு நிலத்தில் புழங்கியிருந்தால், அதை ஊர்ப் பொதுப் புல்வெளியாகப் பதிவு செய்யலாம். பிறகு யாரும் அதில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. ஊரும் அதற்கு மனுப் போட்டிருந்தது. ஆனால் சொந்தக்காரர் அனுமதி கொடுத்திருந்தால் வழக்கு போயிற்று.

ஸ்டாக்டேல் கொடுத்திருந்தார். 1998-இல், கோடைத் திருவிழாவுக்காக ஏவ்ரில்தான் மரியாதையாக எழுதிக் கேட்டிருந்தார். அதற்கு வந்த பதில்தான் பையில் இருந்தது.

பத்தரை மணிக்கு மழைக்கோட்டும் நல்ல காலணியுமாக ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"புல்வெளித் திருவிழாப் படங்கள் இருந்தா பாக்கலாமா?"

"வருகைப் பதிவேட்டுல பேரை எழுதிட்டுப் பாருங்க, தம்பி."

"போகும்போது எழுதறேன்."

டெஸ்மண்ட் ஏவ்ரிலின் காதருகே குனிந்தார். "கம்பெனி வக்கீல். காலணியைப் பாரு. நம்ம ஊர்ச் சேத்துல ஒரு நாள்கூட நடந்த காலணி இல்ல அது."

வந்தவர் கோப்பை நிதானமாகப் புரட்டினார். சாக்கு ஓட்டம். நாய்களுக்கான போட்டி. 1996. 1997. அடுத்தது 1998.

அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது. "இந்தப் பிளாஸ்டிக் உறை மட்டும் காலியா இருக்கே?"

"படம் மங்கிப் போச்சு. எடுத்துட்டோம்."

"மேலே 'கடிதம்'னு சீட்டு ஒட்டியிருக்கு."

"சீட்டு ஒட்டினவனுக்குக் கண்ணு சரியில்ல," என்றார் டெஸ்மண்ட். "நான்தான் அவன்."

வந்தவர் சிரித்தார். கோப்பை மூடவில்லை. "இவ்வளவு கூட்டம் கூடியிருக்கே. நிலத்துக்காரர்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையா?"

"எதுக்குக் கேக்கணும்? நாங்க பாட்டுக்குப் போனோம், வந்தோம்," என்றார் ஏவ்ரில்.

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட."

"அவர் எப்படிப்பட்ட மனுஷர்?"

டெஸ்மண்ட் இருமினார். ஏவ்ரில் அதைக் கவனிக்கவில்லை. இவ்வளவு தூரம் சொன்ன பிறகு அரைகுறையாக விட்டால் நம்பமாட்டார் என்று தோன்றியது.

"கஞ்சன், தம்பி. ஒரு புல்லைக்கூட யாருக்கும் மனசாரக் கொடுத்ததில்ல. அவரா அனுமதி கொடுப்பார்? நல்லா கேட்டீங்க!"

வந்தவர் கோப்பை மூடினார். பிறகு நன்றி சொல்லிவிட்டு, பதிவேட்டில் எழுதாமலே போய்விட்டார்.

"கடைசியில கொஞ்சம் அதிகம்," என்றார் டெஸ்மண்ட். "ஆனா நம்பிட்டான்."

செவ்வாய்க்கிழமை ஊர் மண்டபத்தில் உட்கார இடமில்லை. விசாரணை அதிகாரி ஏவ்ரிலிடம் கேட்டார்: "உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது அனுமதி வாங்கினாங்களா?"

"இல்லைங்க," என்றார் ஏவ்ரில்.

முன்வரிசையில் மழைக்கோட்டுக்காரர் எழுந்தார். அவர் கையில் இரண்டு உறைகள் இருந்தன.

"நான் ஜூலியன் ஸ்டாக்டேல். நிலம் இப்ப என் பேர்ல இருக்கு. எங்கப்பா எழுதற ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் வெச்சுக்குவார்."

முதல் உறையைப் பிரித்து அதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி உரக்கப் படித்தார்: "அன்புள்ள ஏவ்ரில், திருவிழாவுக்கு மட்டும் ஏன்? உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் வந்து விளையாடட்டும். பிள்ளைகள் இல்லாத புல்வெளி எனக்கு எதற்கு?"

பதினைந்து நிமிடத்தில் மனு தள்ளுபடியானது.

இரண்டாவது உறையைப் பிரிக்காமல் தன் வக்கீலிடம் கொடுத்துவிட்டு, ஜூலியன் யாரையும் பார்க்காமல் வெளியேறினார்.

ஏவ்ரில் வக்கீலின் பின்னாலேயே வாசல்வரை ஓடினார். "அந்த இன்னொரு உறையில என்ன இருக்கு? எங்க மேல கேஸ் ஏதாவது போடப் போறாரா?"

"இல்லைங்க. அதை ரத்து பண்ணச் சொல்லிட்டார். அது இனிமே செல்லாது," என்றார் வக்கீல்.

புல்வெளியை ஊருக்கே எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரம் அது; சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பாவின் கடிதத்தை ஊர் பத்திரமாக வைத்திருக்கிறதா என்று பார்த்துப் போகத்தான் ஜூலியன் வரலாற்று அறைக்கு வந்திருந்தார்.