வெளிச்சம் படக் கூடாது

"பாதி குடுத்தாப் போதும் நானா. பாதிதான் கேக்குறேன்."

"ஏலாது விதுர்ஷா."

ஸப்வான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஈயத்தாள் சுற்றிய சுண்டுவிரல் அளவு ட்யூப்பை ஃப்ரீசருக்குள் வைத்தான். கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டான்.

விதுர்ஷாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எச்சில் கையால காக்கா ஓட்டாத மனுசன்கிட்டப் போய்க் கேட்டியே!" என்றாள் பக்கத்து மேசை ரிஸ்கா. "சாப்பாடு சுத்தி வந்த ஈயத்தாளையே கழுவி மடிச்சு வச்சிக்கிறவரு. அவரா ஒனக்குச் சாயம் தருவாரு?"

மூன்று பேரும் பதுளையில் ஒரே ஆய்வுகூடத்தில், விசாலாட்சி மேடத்திடம் ஆய்வு செய்பவர்கள். ஸப்வான் மூத்தவன் என்பதால் மற்ற இருவருக்கும் அவன் 'நானா', அதாவது அண்ணன். இத்தனை கெஞ்சலும் ஒரு துளிச் சாயத்துக்குத்தான். தேயிலை வேரின் உயிர்க்கலத்துக்குள் கல்சியம் அயன் மென்சவ்வைத் தாண்டி நுழைந்தால், இந்தச் சாயம் அதைப் பிடித்துக்கொண்டு நுணுக்குக்காட்டியில் பச்சையாக மின்னும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சாமான். ஆளுக்கு ஒரு ட்யூப், ஒரு ட்யூப்புக்கு ஒரு பரிசோதனை. வெளிச்சம் பட்டதோ, அவ்வளவுதான். கீழே கொட்ட வேண்டியதுதான்.

விதுர்ஷாவின் பங்கு அப்படித்தான் போனது. அப்பாவுக்கு லுணுகலைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. வடித்த தேத்தண்ணீரை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நிறம் பார்ப்பதைப் பார்த்தே வளர்ந்த பெண் இவள். சாயம் நன்றாகக் கரைந்ததா என்று ஈயத்தாளைப் பிரித்து, அதே பழக்கத்தில் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தானா வீட்டிலிருந்து போன் வரவேண்டும்? ட்யூப்பை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பேசப் போனாள். திரும்பி வருவதற்குள் வெயில் தன் வேலையை முடித்திருந்தது.

மாதக் கடைசிக்குள் முடிவைக் காட்டாவிட்டால் பட்டம் இல்லை. ஒருவருக்கு ஒரு தடவைதான் தவணை நீட்டித் தருவார்கள். மண்சரிவில் தோட்டத்து லயத்து வீடு போனபோதே அதை அவள் வாங்கித் தீர்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வெட்கத்தை விட்டு மறுபடியும் போய் நின்றாள்.

"பாதிதானே நானா?"

"பாதி போட்டா உங்களுக்கும் மின்னாது, எனக்கும் மின்னாது. ரெண்டு பேரும் சேந்து நாசமாப் போறதா?"

"சரி, நான் மட்டும் நாசமாப் போறேன். நீங்க பொத்திப் பொத்தி வச்சிக்கங்க!"

வாய் தவறி வந்ததல்ல. நறுக்கென்று தைக்கட்டும் என்றேதான் சொன்னாள்.

அன்று பின்னேரம் விசாலாட்சி மேடம் கூப்பிட்டார்.

"ஃப்ரீசர் அடியில பழைய ட்யூப் ஒண்ணு கெடந்துச்சும்மா. யாரோ மிச்சம் வச்சது போல. வேலை செய்யுமான்னு தெரியல, எதுக்கும் போட்டுப் பாரு."

கசங்கிய ஈயத்தாள் சுற்றிய ட்யூப். விதுர்ஷா அதை இருட்டறைக்கு எடுத்துப் போனாள். வேரில் சாயத்தை ஏற்றிவிட்டு, மாரியம்மனை வேண்டிக்கொண்டு நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தாள். முதலில் வெறும் இருட்டு. பிறகு ஒரு கலம் பச்சையாக மின்னியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"மேடம், மின்னுது! மேடம்!"

அவள் போட்ட சத்தத்தில் கட்டிடமே திரும்பிப் பார்த்தது.

ஆய்வை ஒப்படைத்துவிட்டு வந்த வாரம், ஊரிலிருந்து வரும் வழியில் பசறையில் இறங்கி, இனிப்புக்குப் பால் டொபி வாங்கி வந்தாள். ஆய்வுகூடம் முழுக்கக் கொடுத்தாள். ஸப்வானின் மேசையை மட்டும் பார்க்காதது மாதிரி தாண்டிப் போனாள்.

"கேட்டியா கதைய?" ரிஸ்கா காதைக் கடித்தாள். "ஸப்வான் நானா பரிசோதனையே இன்னும் செய்யலியாம். தவணை கேட்டு எழுதிக் குடுத்திருக்காராம். கோழி மாதிரி அடைகாத்ததுதான் மிச்சம்!"

"நல்லா வேணும்," என்றாள் விதுர்ஷா. மனசுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது.

ஃப்ரீசரில் பனி மண்டிப் போயிருந்தது. அதைச் சுத்தம் செய்வது அந்த வாரம் விதுர்ஷாவின் முறை. ஸப்வானின் ட்யூப் பனியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஓர் இழு இழுத்தாள். ஈயத்தாள் கிழிந்து பனியிலேயே நின்றுவிட்டது. ட்யூப் மட்டும் கையோடு வந்தது.

"ஐயோ!"

பதறிப்போய் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். என்ன கோபம் இருந்தாலும் அவனுடைய ஆய்வல்லவா? எவ்வளவு வெளிச்சம் பட்டதோ என்று விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

பார்த்தவள் கையை முழுவதுமாக விரித்தாள்.

ட்யூப் வெறுமையாக இருந்தது. ஒரு துளிகூட ஊற்றப்படாத புது ட்யூப்.

பரிசோதனை செய்யாதவனின் சாயம் எங்கே போகும்?

மேடம் கொடுத்த ட்யூப்பில் சுற்றியிருந்த கசங்கிய ஈயத்தாள் ஞாபகத்துக்கு வந்தது. கழுவி மடித்து வைத்த ஈயத்தாள். அவள் கேட்டது பாதி. முழுசையும் நீட்டியிருந்தால் சத்தியமாக வாங்கியிருக்க மாட்டாள்.

அவன் மேசையைத் தாண்டிப் போன பால் டொபி இப்போது அவளை உறுத்தியது. அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பின்னால் கதவு திறந்தது.

"விதுர்ஷா! என்ட ட்யூப்பத் தொடாதீங்க! வெளிச்சம் பட்டாப் போச்சு!"

ஸப்வானின் குரலில் அதே பழைய கடுகடுப்பு.

அவள் திரும்பவில்லை. மேசையிலிருந்த புது ஈயத்தாளைக் கிழித்து, அந்த வெறும் ட்யூப்பை இடுக்கு விடாமல் சுற்றினாள்.

"படல நானா," என்றாள், குரல் உடைந்து. "பொத்தித்தான் வச்சிருக்கேன்."